ரேடியோவுக்கு ஒரு மாதம் விடுப்பு

அன்புள்ள தோழிக்கு,

ஒரு மாதம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தால், அதற்குப் பிறகு என் மகளுக்கு எங்கள் வீடு பிடிக்குமா? இது நேற்று மாலை ஒரு தையல்காரர் என்னிடம் கேட்ட கேள்வி. இத்தனை வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பிழைத்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

உன் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன். எரிச்சல் மட்டும் தீரவில்லை.

அதைத் தொடங்கிவைத்தவள் நீதான். முழங்கால் மூட்டுப் பாடம் நடத்தும்போது, செயற்கைக் கால் பொருத்தியவர்கள் மாடிப்படி இறங்கினால் அந்த முழங்கால் எப்படித் தாங்கும் என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தெரியாததால் உன்னிடம் கேட்டேன். செயற்கைக் கால் செய்வதையே வேலையாகக் கொண்ட நீ பதில் எழுதவில்லை. அந்தப் பெண்ணை அனுப்பு, ஒரு மாதம் என் வீட்டில் தங்கிப் பட்டறைக்கு வரட்டும் என்று எழுதினாய். உனக்கென்ன, ஒரு வரியில் முடிந்தது. மீதியெல்லாம் என் தலையில் விழுந்தது.

தலைமையாசிரியை விஷயத்தை முழுதாகக் கேட்பதற்குள் முதல் ரேங்க் மாணவியின் பெயரைக் குறித்துக்கொண்டார். இங்கே அதுதான் வழக்கம். பேச்சுப் போட்டியா, முதல் ரேங்க். அறிவியல் முகாமா, முதல் ரேங்க். விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கவும் அவளேதான். அந்தப் பிள்ளையே என்னிடம் வந்து, இந்தத் தடவையாவது என்னை விட்டுடுங்க மிஸ் என்று கெஞ்சியது. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமாம். செயற்கைக் காலில் ரத்தம் ஏது என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

கேள்வி கேட்டவளுக்கு ஆசிரியர்கள் அறையில் ரேடியோ என்று பெயர். திறந்த வாயை மூடமாட்டாள். மதிப்பெண் சுமார். அனுப்பினால் இருக்கிற படிப்பும் கெட்டுவிடும் என்றார் தலைமையாசிரியை. உடனே கணக்கு ஆசிரியர், அனுப்பிடுங்க மேடம், எங்க காதுக்கும் ஒரு மாசம் லீவு கிடைக்கட்டும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அனுமதி கிடைத்துவிட்டது. அவள் திறமையைப் பற்றி நான் தொண்டை வறளப் பேசியது எதற்கென்று தெரியவில்லை.

மிஞ்சியவர் அவள் அப்பா. பள்ளிக்கு எதிரில்தான் அவருடைய தையல்கடை. வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டுமே. நேற்று போனபோது தைத்துக்கொண்டிருந்த காற்சட்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு முக்காலியைத் துடைத்துப் போட்டார். உன்னைப் பற்றி, பட்டறையைப் பற்றி எல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டார். தெரியலைங்க என்றேன். வேறு யாராவது இருந்திருந்தால் இரண்டு வார்த்தை இதமாகச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது வருவதில்லை.

மகளைப் பார்த்து, நீ என்னம்மா சொல்றே என்றார். வகுப்பில் என் உயிரை எடுப்பவள், பித்தான் டப்பாவைக் கிளறிக்கொண்டு வாயே திறக்கவில்லை. இவளுக்காகவா இத்தனை பேரிடம் மல்லுக்கட்டினேன்? நாளைக் கழிச்சு காலைல ஆறு மணிக்கு பஸ், வந்தா வாங்க, இல்லேன்னா விடுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாசல் தாண்டியதும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. திரும்பிப் போகவில்லை.

பேருந்து நாளைக் காலை. நாளை அவள் ஏறாவிட்டால், அடுத்த தடவை முதல் ரேங்க்தான். இவள் பெயரை யாரும் எடுக்கக்கூட மாட்டார்கள், என்னையும் சேர்த்து என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் தையல்காரரிடம் நான் சொல்லவில்லை. நீயும் ஒரு மாதப் பயிற்சிக்கு என்றுதான் இங்கிருந்து போனாய்.

அவள் வந்தால், கேட்பதற்கெல்லாம் பதில் சொல். தினமும் அப்பாவோடு பேசவை. மாதம் முடிந்ததும் தனியாக அனுப்பாதே. நீயே கூட்டிக்கொண்டு வா. என் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது.

உன் கைக்கும் முதுகுக்கும் நல்ல பலம் இருக்கட்டும்.

உன் பழைய அறைத்தோழி

மறுநாள், தபாலில் போடுவதற்கு முன்:

இருவரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். தையல்காரர் மகளை ஜன்னலோரம் உட்காரவைத்தார். எங்கே இறக்கிவிட வேண்டும் என்று நடத்துநரிடம் சொன்னார், மறுபடியும் சொன்னார். கீழே இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். பேருந்து நகர்ந்தது. கையைக் காட்டிக்கொண்டே கூட நடந்தவர், நிறுத்துப்பா என்று கத்தி ஓடி ஏறிக்கொண்டார். மாற்றுச் சட்டைகூட இல்லாமல், கழுத்தில் அளவு நாடாவோடு போயிருக்கிறார். இதை நீ படிக்கும்போது உன் பட்டறையில்தான் உட்கார்ந்திருப்பார்.

கடை பூட்டிக் கிடக்கிறது. தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தவர்கள் பள்ளிக்குள் வந்து, டெய்லர் எங்கே என்று என்னைக் கேட்டார்கள். நான் முதல் வகுப்புக்குத் தாமதம். தலைமையாசிரியை விளக்கம் கேட்டிருக்கிறார்.