பச்சை விளக்கு வரும் வரை

ஏப்ரல் 8, செவ்வாய்
இவருடைய டிரில் பேட்டரி செத்துவிட்டது. இந்தத் தீவில் கிடைக்காது, புதிது மெயின்லேண்டிலிருந்துதான் வர வேண்டும். விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம், கப்பல்தான். எந்தக் கப்பல் என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். மழைக்கு முன் நான்கு வீட்டுக்குக் கூரைத் தகடு அடித்துத் தருவதாக இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். பழைய பேட்டரியைப் பிரித்து உள்ளே புது செல் போட்டுத் தருகிறேன் என்றாராம் மொபைல் ரிப்பேர் ஸ்ரீதர்.

ஏப்ரல் 10, வியாழன்
பேட்டரி வந்துவிட்டது. அதே கூடு, சுற்றிலும் கறுப்பு டேப். வீட்டில் இன்வெர்ட்டர் பிளக் ஒன்றே ஒன்று, ஹாலில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில். அதன் கீழேதான் மகள் பிரவீனா படுக்கிறாள். வெளியே சார்ஜ் போடுங்களேன் என்றேன். கரண்ட் போனால் அங்கே சார்ஜ் நின்றுவிடும் என்றார். பிறகு மகள் முன்னாலேயே என்னையும் தன்னையும் காட்டி, "பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் பயப்படுது. எட்டாங்கிளாஸ் ஃபெயிலு தைரியமா இருக்கு."
பிரவீனா சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே பத்து செல். ஒன்று கெட்டாலும் தீ —

ஏப்ரல் 11, வெள்ளி
சார்ஜில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். கை வைத்துப் பார்த்தேன். சூடு. எவ்வளவு சூடு இருக்கலாம்? தெரியவில்லை. பிடுங்கிவிட்டேன். வந்து கேட்டபோது, "பச்சை வந்துடுச்சு, எடுத்து வச்சிட்டேன்" என்றேன். சிலுவைப்பாதை ஜெபம் சொல்கிற வாயால் பொய்.

ஏப்ரல் 14, திங்கள்
இன்றும் பாதியில் பிடுங்கினேன். மூன்றாவது தடவை.

ஏப்ரல் 16, புதன்
பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் கோபத்தைச் சொன்னேன், பொறாமையைச் சொன்னேன். பேட்டரியைச் சொல்லவில்லை. அது பாவமா, முன்ஜாக்கிரதையா?

ஏப்ரல் 17, வியாழன்
கூரை மேல் டிரில் பாதியில் நின்றிருக்கிறது. ஒயர் டிரில்லை எடுக்க இறங்கும்போது ஏணியில் கால் வழுக்கி, முழங்கால் முதல் கணுக்கால் வரை தோல் உரிந்துவிட்டது. நொண்டிக்கொண்டே ஸ்ரீதர் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் ஏமாற்றுக்காரன் என்று திட்டியிருக்கிறார்.
சாயங்காலம் ஸ்ரீதர் வந்தார். இவர் உள்ளேயிருந்து எழுந்து வரவில்லை. ஸ்ரீதர் வாசலிலேயே நின்று, இந்தி கலந்த தமிழில் என்னிடம் சொன்னார்: "பாபிஜி, பத்தும் நயா செல். உங்க வீட்டு லூர்து பாய்க்கு நான் பழசு போடுவேனா?"
தலையை மட்டும் ஆட்டினேன்.
என்ன பொம்பள நான்? மகளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து புருஷனை ஏணியிலேர்ந்து தள்ளிட்டேனே.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
காலுக்கு மருந்து போடும்போது சொல்லிவிட்டேன். மூன்று தடவை பிடுங்கியதை, பச்சை என்று பொய் சொன்னதை, எல்லாவற்றையும். கத்துவார் என்று காத்திருந்தேன். காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அவ்வளவு பயமா? வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல."
சொன்னேனே, நீங்க கேலி பண்ணிட்டீங்க. இதையும் சொன்னேன்.
சட்டையைப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே போனார். ஸ்ரீதர் கடை பூட்டியிருந்ததாம். வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். என் பெயரைச் சொன்னாரா? கேட்க தைரியமில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்
நேற்று இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்து, வாசல் படியோரம் ஒரு பிளக் போட்டார். பக்கத்தில் ஒரு வாளி மணல். அவரே கொண்டுவந்து வைத்தார்.
கப்பல் தேதி தெரிந்துவிட்டதாம், புதுசுக்குச் சொல்லட்டுமா என்றார். இது ஓடுகிறவரை ஓடட்டும் என்றேன். நான்தான் சொன்னேன்.
சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து குரல்.
"சிசிலி, பச்சை வந்துடுச்சு. நீயே வந்து பிடுங்கு."
பிடுங்குமுன் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான்.