கேட்காமல் நடக்கும் வழி

ஜனவரி 14, செவ்வாய்

மழை. காட்டுப் பாதை முழுக்கச் சேறு. கீழ்க் கேட் பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் ஒன்று சிக்கிக்கொண்டு, கால் மட்டும் வெளியே வந்தது. ஒற்றைக் காலில் நின்று பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் கீத் போன் செய்தான். நேரம் பார்த்துக் கூப்பிடுவதில் என் தம்பியை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன காட்டை விற்க வேண்டுமாம். வாங்க ஆளும் இருக்கிறாராம், வேட்டைக்காக ஃபெசன்ட் கோழி வளர்க்கிறவர். ஆனால் ஊர்க்காரர்கள் நடக்கிற வழி உள்ளே இருந்தால் அவருக்கு வேண்டாமாம்.

"வழின்னே ஒண்ணு இல்லையே, லினெட். எந்த வரைபடத்துலயும் கிடையாது. சனங்க சும்மா நடக்கறாங்க, அவ்வளவுதான்."

சும்மா நடக்கிறார்கள். ஆமாம்.

ஜனவரி 17

வக்கீலைக் கேட்டேன். இருபது வருடம் யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல், எல்லாரும் பார்க்க ஜனங்கள் ஒரு வழியில் நடந்தால், அது அவர்களுடையதாகிவிடுமாம். பிறகு காட்டை யார் வாங்கினாலும் மூட முடியாது. நடுவில் ஒரே ஒரு நாள் சொந்தக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டால் கதை முடிந்தது. அனுமதி கொடுத்தாலும் முடிந்தது. கொடுத்தவர் நாளைக்கே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

அப்பா இருந்தவரை ஈ காக்கை உள்ளே வந்ததில்லை. தடியோடு நிற்பார். அவர் போன பிறகு, ஒரு மே மாதம், நானும் கீத்தும்தான் கேட்டைத் திறந்து போட்டோம். வருகிற மே இரண்டாம் தேதியோடு இருபது வருடம்.

அதனால்தான் அவனுக்கு இத்தனை அவசரம்.

ஜனவரி 26, ஞாயிறு

கீத் வந்தான். இரண்டு தரம் உருளைக்கிழங்கு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு பையிலிருந்து சங்கிலியும் பூட்டும் எடுத்து, கிரேவிச் சட்டி பக்கத்திலேயே வைத்தான்.

"ஒரே ஒரு நாள் பூட்டு. மறுநாள் நீயே திறந்துடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"நெவில் எப்படிப் போவார்?"

நெவில் டட் என் பக்கத்து வீட்டுக்காரர். எண்பத்தொரு வயது. அவர் மனைவி பாலீன் காட்டுக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். தினமும் காலையில் காட்டு வழியாகப் போய் அவளுக்கு மதியச் சாப்பாடு ஊட்டிவிட்டு வருகிறார். மற்றவர்கள் ஊட்டினால் அவள் வாயைத் திறப்பதில்லை. கண் சரியில்லாமல் கார் ஓட்டுவதை விட்டாயிற்று.

"ரோட்டுல போகட்டும்" என்றான் கீத்.

அந்த ரோடா? இரண்டு பக்கமும் வேலி, ஓரமே கிடையாது, வளைவுக்கு வளைவு பால் லாரி. அவனுக்குத் தெரியாததா?

கெட்டவனில்லை அவன். வேலை போய் ஒரு வருடமாகிறது. வீடு கைவிட்டுப் போகிற நிலை. காட்டில் பாதி அவனுடையது. அதெல்லாம் எனக்குத் தெரியும்.

"நீ பூட்டலைன்னா மார்ச்ல நானே வந்து பூட்டறேன்" என்று சொல்லிவிட்டு, சங்கிலியைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

பிப்ரவரி 3

ஊரில் பேச்சு பரவிவிட்டது போலிருக்கிறது. நெவில் காலையில் என் வாசலுக்கு வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோட்டு, தொப்பி, கழுத்தில் டை, கையில் ஒரு பாட்டில் ஆரஞ்சு மார்மலேட் ஜாம். பார்த்ததுமே விளங்கிவிட்டது. முறைப்படி அனுமதி கேட்க வந்திருக்கிறார்!

இவரைப் போல ஒரு மரியாதைக்காரர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. வேலிமேல் பூனை உட்கார்ந்திருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தாண்டிப் போவார். அவர் கேட்டு நான் "போங்க" என்று சொன்னால் இருபது வருடமும் பாழ். "போகாதீங்க" என்று எப்படிச் சொல்வது?

சாமான் அறைக்குள் புகுந்து, மாவு மூட்டை பக்கத்தில் குந்திக்கொண்டேன். அறுபத்தெட்டு வயதில். அவர் மூன்று முறை, ஒவ்வொன்றும் மெதுவாக, தட்டினார். "லினெட்? தொந்தரவு பண்றேனோ?" என்றார். மூச்சு விடவில்லை நான்.

மார்மலேட்டை வாசல்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பிப்ரவரி 8

கடையில் ரொட்டி வாங்கும்போது பின்னால் அவர் குரல். "லினெட், உங்ககிட்ட ஒரு சின்ன விஷயம் கேக்கணும்னு—"

பணத்தை மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். ரொட்டியை எடுக்கவே இல்லை.

பிறகு கடைக்கார மேவிஸ் ரொட்டியோடு வீட்டுக்கே வந்தாள். "ஏன்டி, அந்த மனுஷன் உனக்கு என்ன பண்ணினார்? முகம் செத்துப்போச்சு அவருக்கு. காடு வித்துப் பெரிய மனுஷி ஆகப் போறேன்னு இப்பவே பேச்சை நிறுத்திட்டியா?"

மேவிஸிடம் உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் நெவிலுக்குப் போய்விடும், 'காட்டு வழியா போகலாம்னு லினெட் சொல்லிட்டா' என்று. வாயை மூடிக்கொண்டு ரொட்டியை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 11

காலையில் நெவில் இந்தப் பக்கம் போகக் காணோம். ஹேசல் மரங்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூச்சரம் தொங்கவிட்டிருக்கின்றன. பார்க்கப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13

ரோட்டில் போகிறார்.

அட கடவுளே, எனக்கு ஏன் தோன்றவில்லை? கேட்டும் பதில் வராத இடத்தில் கால் வைக்கிற ஆளா நெவில்? பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒதுங்கிவிட்டார். வழியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று வழியில் நடக்கிறவரையே விரட்டியிருக்கிறேன். கீத்துக்குப் பூட்டே தேவையில்லை. நான் ஒருத்தி போதும்.

பிப்ரவரி 19

இரண்டாவது வளைவில் பால் லாரி. நெவில் வேலிக்குள் பாய்ந்துவிட்டாராம். மணிக்கட்டு முறிந்திருக்கிறது. லாரிக்காரரிடம் இவர்தான் மன்னிப்புக் கேட்டாராம்.

நான்தான். வேறு யார்? நான்தான் தள்ளினேன்.

பிப்ரவரி 20

போனேன். கையில் கட்டோடு கதவைத் திறந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. நேற்று பாலீன் ஒரு வாய்கூட உண்ணவில்லையாம்.

டீ போட்டுக்கொடுத்தேன். கோப்பையை இடது கையால் வாங்கினார்.

"லினெட், தப்பா நினைக்கலைன்னா, அந்தக் காட்டு வழியா நான்—"

"கேக்காதீங்க நெவில்."

"இல்ல, முறைன்னு ஒண்ணு—"

"எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? என்கிட்ட இருந்தாதானே நான் குடுக்க முடியும்? தபால்பெட்டிக்கு நடந்து போக என்கிட்ட கேட்டீங்களா? இத்தனை வருஷம் கேட்டீங்களா? இப்ப மட்டும் என்ன?"

கத்திவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது, சனியன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப, கேக்கக் கூடாதா?"

இதற்குப் பதில் சொன்னால் அதுவும் அனுமதியாகிவிடுமோ என்று பயம். பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். ஒன்றை எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 21

போனார். காட்டு வழியாக.

மார்ச் 22, சனி

கீத் சொன்னபடியே வந்தான். வீட்டுக்குள் வராமல் நேரே கேட்டுக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன். கொடியெல்லாம் அறுத்து, பழைய கேட்டை இழுத்துச் சாத்தி, சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கீத், வேண்டாம்டா."

"எனக்கு மட்டும் ஆசையா? பேசாம இரு."

அப்போது நெவில் வந்தார். கட்டுப்போட்ட கை, மறு கையில் பாலீனுக்காகப் பிரிம்ரோஸ் பூ. கேட்டைப் பார்த்தார், கீத்தைப் பார்த்தார். தொப்பியைத் தொட்டு, "காலை வணக்கம், கீத்" என்றார். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பூவை வாயில் கவ்விக்கொண்டு கேட்டின் முதல் குறுக்குச் சட்டத்தில் கால் வைத்தார். இரண்டாவது சட்டம். உடம்பு ஆடியது.

"ஐயோ, இருங்க, விழுந்து தொலைக்கப் போறீங்க" என்று கீத் சங்கிலியை உருவிப் போட்டுவிட்டு அவர் முழங்கையைப் பிடித்து இறக்கினான். கேட்டைத் திறந்தும் பிடித்தான். வளர்ப்பு அப்படி. அவனால் வேறு எதுவும் செய்திருக்க முடியாது.

நெவில் நன்றி சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். பாவம், அதை விழுங்க அவர் பட்ட பாடு. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

கீத் கடைசிவரை மாட்டாத பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் நின்றான். "நான் இப்ப வீட்டுல போய் என்னன்னு சொல்றது?" என்றான். டீ குடிக்கக்கூட நிற்காமல் போய்விட்டான்.

ஏப்ரல் 15

பாலீன் இறந்துவிட்டாள். தூக்கத்திலேயே.

ஏப்ரல் 24

அடக்கம். நெவில் வந்தவர்கள் எல்லாரிடமும், அவர்கள் தூரத்திலிருந்து வரவேண்டி இருந்ததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கீத் போன். ஒரு மாதம் கழித்து.

"பாலீன் விஷயம் கேள்விப்பட்டேன். நல்ல மனுஷி." பிறகு விஷயத்துக்கு வந்தான். "லினெட், கோவிச்சுக்காதே. இனிமே அவருக்கு அந்த வழி தேவையில்லையே. அந்த ஆளும் இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்கார். செவ்வாய்க்கிழமை வரேன். ஒரு நாள்தானே."

நியாயம்தான். யாருக்காக முரண்டு பிடித்தேனோ அவளே இல்லை. தம்பி வீட்டை இழந்துகொண்டிருக்கிறான். சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே, காட்டுப் பக்கமாக நெவிலின் தொப்பி போவது தெரிந்தது.

"இதோ, இப்பதான் போறார்" என்றேன்.

"எங்க?"

"தெரியாது. நான் கேக்கல."

அவன் போனை வைத்துவிட்டான்.

மே 3, சனி

தேதி கடந்துவிட்டது, வழி இனி ஊருடையது. கீத் வரவில்லை.

காலையில் அவன் மனைவி கூப்பிட்டாள். வீட்டை விற்கப் போட்டாயிற்றாம். பின்னால் அவன் இருமுவது மட்டும் கேட்டது. போனை வைத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் காட்டுக்குள் போனேன். நீலமணிப் பூ உதிர ஆரம்பித்துவிட்டது. காட்டுப் பூண்டு வாசனை தூக்கியது. எதிரே நெவில், வெறும் கையோடு, முதியோர் இல்லத்துப் பக்கமிருந்து ஏறி வந்தார். கண் சிவந்திருந்தது.

அந்த இடத்தில் பாதை ஒருவர் போகும் அகலம்தான். சேற்றில் இறங்கி, வேலியோடு ஒட்டி நின்று, அவருக்கு வழிவிட்டேன்.