மேட்டில் இல்லாத மண்

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி.
19.11.2006

அன்புள்ள தம்பி தணிகாசலத்துக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். மாலாவும் பிள்ளைகளும் பிரான்சுக் குளிரில் எப்படி இருக்கிறார்கள்? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ உடனே பதில் சொல்லிவிடுவாய். இதற்கு யோசித்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைச்சாவடிக்கு மேற்கே நம் முந்திரி மேட்டுக்கு ஆடி மாதம் பூர்ணிமா என்று ஒரு பெண் வந்தாள். சரிவுகளில் மண் எப்படி அரிக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். இரும்புக் குழாயை மண்ணில் அடித்து இறக்கினாள். பிளாட் போடுகிறவர்கள் அனுப்பிய ஆளோ என்று எனக்குச் சந்தேகம். கல்லூரி அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் படித்தேன். மண்ணை மாற்றிவிடக் கூடாதே என்று அவள் கட்டிய ஒவ்வொரு பைமீதும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். பரீட்சை ஹாலில் உங்களிடம் பிள்ளைகள் என்ன பாடு பட்டார்களோ என்று சிரித்தாள்.

அவள் தேடுவது சீசியம் என்ற பொருள். நம் சிறு வயதில் வெளிநாடுகளில் வெடித்த அணுகுண்டுகளின் தூசு, மழையோடு எல்லா ஊரிலும் விழுந்ததாம். இன்னும் மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். சோற்றின் மேல் ஊற்றிய நெய் என்று வைத்துக்கொள். தட்டைச் சாய்த்தால் தாழ்ந்த ஓரத்தில் சேரும்.

யாரும் மண்வெட்டி வைக்காத அய்யனார் தோப்பில் நெய் முழுதாக இருக்கிறது. நம் மேட்டில் துளியும் இல்லை. ஒன்றரைச் சாணுக்குக் குறையாமல் மண் போயிருக்கிறது என்றாள். கீழ் நிலத்து அம்மாவாசை வரப்பை உடைத்ததால் மழை எல்லாவற்றையும் அவர் நிலத்தில் இறக்கிவிட்டது என்றேன். நீ எனக்குச் சொன்னதுதான். அங்கேயும் குழாய் இறக்கிப் பார்த்தாள். எங்கும் விழுந்த அளவுதான் இருக்கிறது. கூடுதலாக ஒரு சொட்டு இல்லை.

ஓரத்திலும் இல்லையென்றால், யாரோ சோற்றோடு அள்ளியிருக்கிறார்கள். யார் என்று சீசியம் சொல்லாதாம். பைகள் மாறிவிட்டன என்று சொல்லவும் வழியில்லை. என் கையெழுத்து அப்படியே இருக்கிறது.

நான் காரைக்காலில் வேலை பார்த்த வருஷம், கடற்கரைச் சாலை போட லாரி லாரியாகச் செம்மண் போனதே, ஞாபகம் இருக்கிறதா? நிலத்தை நீதான் பார்த்துக்கொண்டாய். அந்த வருஷக் கடைசியில்தான் விமானம் ஏறினாய். லாரிகள் வேறு யார் மேட்டுக்காவது வந்திருக்கலாம். அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறேன்.

உன் பேச்சை நம்பி, அம்மாவாசை நம் கிணற்றுக்கு வரும் வழியில் முள் வெட்டிப் போட்டேன். ஏழு வருஷம் ஆகிறது. உங்க மண்ண நான் என்ன சோத்துல பிசைஞ்சா துன்னேன் டீச்சர் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதோடு பேச்சு நின்றது. அவர் மனைவி லட்சுமி தூரத்துக் குழாயிலிருந்து குடம் சுமக்கிறாள்.

கார்த்திகை தீபத்துக்குள் முள்ளை எடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகப் போகிறேன். மன்னிப்பு நான் கேட்டுக்கொள்வேன். பிறகு யார்தான் எடுத்தது டீச்சர் என்று அவர் கேட்பாரே, அதற்கு மட்டும் நீ ஒரு வரி எழுது.

நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல் இருக்க வேண்டும். எது எழுதினாலும் சிவப்பு மையைத் தொட மாட்டேன். எழுது, கண்ணு.

உன் அக்கா,
அஞ்சலாட்சி