ஏழாவது வரி

2013 மார்ச் 4
அண்ணன் மகள் மணிமொழி சென்னையிலிருந்து போன் செய்தாள். கம்ப்யூட்டரில் எத்தனை நெட்வொர்க் கார்டு, எதற்கு என்ன முகவரி என்று கேட்டுச் சொல்லும் பெர்ல் மாட்யூல், அதாவது ஒரு குட்டி புரோகிராம், எழுதியிருக்கிறாளாம். "உங்க மெஷின்லதான் சித்தப்பா ரெண்டு கார்டு இருக்குது, ஒண்ணுல கேபிளே இல்ல. ஓட்டிப் பாத்து வர்றத அப்படியே அனுப்புங்க." ஜூனில் அவள் பெர்மனென்ட் ஆவது இதை நம்பித்தான். சென்னையில் ஆளே இல்லையென்று என்னிடம் வருகிறாள்! காயலான் கடையில் பொறுக்கி நானே பூட்டிய மெஷின் — அமெரிக்காக்காரன் பார்த்தால் கும்பிடுவான்.

மார்ச் 6
ஓட்டினேன். ஒரு சோதனைக்கு ஒரு வரி வருகிறது. ஆறு வரி ஓகே. ஏழாவது: நாட் ஓகே. கேபிள் இல்லாத கார்டைக் கேட்டால் பக்கத்துக் கார்டின் முகவரியைச் சொல்கிறது. என் பெண்டாட்டி பிரபாவதி எட்டிப் பார்த்து, "காயலான் கடை சாமான் வேற எப்பிடி இருக்கும்?" என்றாள்.

மார்ச் 7
பதினொரு வருஷமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் பம்பு பார்க்கிறேன். ஷிப்ட் நோட்டில் 'நார்மல்' தவிர வேறு எழுதியதில்லை. கோளாறு என்று எழுதினால் 'நீ என்னய்யா பண்ணே?' என்பதுதான் முதல் கேள்வி.
கேபிள் இல்லாத இரண்டாவது கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். எல்லாம் ஓகே. அனுப்பியாயிற்று. தொழில் தெரிந்தவன் கை!

மே 19
அவள் கம்பெனி மாட்யூலைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டது. பாதி நான் எழுதியது என்று டீக்கடையில் சொன்னேன். முக்கால் என்றிருக்கலாம்.

ஜூன் 11
ஒரு வாடிக்கையாளர் இடத்தில், கேபிள் இல்லாத கார்டுள்ள மெஷினில், தப்பு முகவரி சொல்லி ஒரு நாள் முழுக்க வேலை நின்றதாம். மணிமொழிக்குப் பெர்மனென்ட் இல்லை. வேலையும் இல்லை.
"உங்க ரிப்போர்ட்ட இப்பத்தான் முழுசா படிச்சேன் சித்தப்பா. ஒரு கார்டுதான் இருக்குது. இன்னொண்ணு எங்க?"
"அது... துரு புடிச்சிருந்துதும்மா."
"ஏழாவதுல என்னா வந்துது?"
போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.
"படிக்காம வுட்டது என் தப்புதான்" என்று வைத்துவிட்டாள். திட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?

ஜூன் 12
மெஷினுக்குக் கேவலம் வரக் கூடாதுன்னு பண்ணேன். மெஷினுக்கா?

ஜூன் 23
வேலை போனாலும் மாட்யூலைத் திருத்தியே தீருவேன் என்று மணிமொழி வந்தாள். "சாப்டீங்களா சித்தப்பா" என்றுகூடக் கேட்டாள். அலமாரியிலிருந்து கார்டை எடுத்து அவளே பூட்டினாள். "டார்ச் புடிங்க." பிடித்தேன். ஏழாவது: நாட் ஓகே. எழுதிக்கொண்டாள். மதியம்வரை திருத்தினாள், ஓகே வந்தது. சோதித்தவர் என்ற இடத்தில் நான் பார்க்கப் பார்க்கத் தன் பெயரையே டைப் அடித்தாள்.
சாயந்திரம் டீக்கடையில், அண்ணன் பொண்ணுக்கு என்ன செய்து கொடுத்தாய் என்று கேட்டார்கள். டார்ச் பிடித்தேன் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.