ஆறாம் வகுப்பும் ஏழரைச் சனியும்

பாலக்கோடு,
18.2.2026

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், போன மாதம் ஈன்ற மாடும் அதன் கன்றும் சுகமாக இருக்கிறோம், அங்கே நாகர்கோவிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாயா என்று எழுது. ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிற அம்மா எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். போன் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், ஸ்பீக்கரில் போடு ஸ்பீக்கரில் போடு என்கிறார், உன் குரலைக் கேட்டுவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறார். அவர் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தக்காளிப் பெட்டிகளோடு மண்டிக்குப் போயிருக்கிறார், வர மதியமாகும், அதற்குள் எழுதித் தபாலில் போட்டுவிட வேண்டும்.

மூன்றாவது தடவை நீட் எழுதட்டுமா, நர்சிங்கை முதல் வருஷத்தோடு விட்டுவிடட்டுமா, நீ என்னம்மா சொல்றே என்று போன ஞாயிறு கேட்டாய். நானும் யோசிக்காமல், எழுது சாமி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் தடவை 298, சரி, போகட்டும் என்று விட்டோம். அப்புறம் ஒரு வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்து, நல்லது கெட்டதுக்குக்கூட வராமல் படித்து 431 வாங்கினாய். உன்னோடு படித்த பிரியதர்ஷினி 407. அவளுக்கு அரசு மருத்துவக் கல்லூரி, உனக்கு இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று கொடுத்த ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் போய்விட்டாள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால்தான் அது உண்டாம். நீ ஆறாவது ஒரே ஒரு வருஷம் தனியார் பள்ளியில் படித்தாய். ஊரில் எல்லாருக்கும் யோகமாக வந்த ஏழரை நமக்கு மட்டும் சனியாக வந்தது. பிரியதர்ஷினி மேல் குற்றமில்லை, நல்ல பிள்ளை, அவள் அம்மா என்னோடு நூறு நாள் வேலைக்கு வருகிறவள்தான். சீட் கிடைத்ததும் லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி மாட்டுக்கு வைத்துவிட்டேன். மாடு நன்றாகத் தின்றது. பஸ் ஸ்டாப்பில் அந்தப் பிள்ளைக்குக் கட்டிய பேனர் இன்னும் இருக்கிறது, பால் ஊற்றப் போகும்போது தினமும் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன், இப்படி ஒரு கெட்ட புத்தி எனக்கு.

போன மாதம் தருமபுரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பொண்ணு என்ன படிக்கறா என்று ஒரு அம்மா கேட்டார், மெடிக்கல் காலேஜ்ல என்றேன், டாக்டருக்கா என்றார், நான் தலையை ஆட்டினேன். உன் அப்பா பந்தியில் இலையைப் பார்த்தபடியே, நர்சுக்குங்க என்று சொல்லிவிட்டுச் சாம்பாரைப் பிசைந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு வீடு வரும் வரை அவரோடு பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழ் வாங்க நாம் மூன்று பேரும் தலைமையாசிரியர் அறையில் நின்ற நாள் உனக்கு மறந்திருக்காது. அவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, ஆறாவது இங்க இல்லையேம்மா, நான் எப்படிப் போடுறது என்றார். நீ திரும்பி, யாரு என்னை அங்க சேத்தது என்று கேட்டாய். உன் அப்பா, நான்தான் கண்ணு, எனக்குத் தெரியாமப் போச்சு என்றார். அதுக்கு என்னை ஆடு மேய்க்க வுட்டிருக்கலாம்ல என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். அன்றோடு சரி, அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாய். போனை அவர் எடுத்தால், அம்மாகிட்ட குடுங்க, அவ்வளவுதான்.

எழிலு, அவர் சொன்னது பொய். உன்னை அங்கே சேர்த்தது நான். அந்த மே மாத லீவுக்கு நீ பென்னாகரத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாய், இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. குப்புராஜ் சித்தப்பா வீட்டுச் சித்தி ஜூனில் தனியார் பள்ளிக்குப் போகப்போகிற தன் பையனுக்கு டை கட்டிப் பார்த்துவிட்டு, இவனுக்கு வேன் வருது, உங்க பொண்ணு நடந்தே போயிருமில்ல என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. நம்மூரு பள்ளிக்கூடத்துக்கு என்னடி கொறைச்சல், வாத்தியாருங்க நல்லாத்தான சொல்லித்தர்றாங்க என்று உன் அப்பா மன்றாடினார். நான் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் அவரே போய் டி.சி. வாங்கி வந்தார். அந்த வருஷம் முழுக்க நீ வேனில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாய், சாயங்காலம் சாயங்காலம் மோட்டார் தொட்டியில் அந்த டையைச் சோப்புப் போட்டு அலசித் தக்காளிக் குச்சியில் காயப்போடுவேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. போதும் என்று சொல்லி, ஏழாவதுக்கு உன்னைத் திரும்ப நம்மூர்ப் பள்ளியில் சேர்த்தவர்தான் உன் அப்பா. அந்தச் சட்டம் வந்தபோது நீ ஒன்பதாவது. எனக்கு எப்படித் தெரியும் என்று என்னை நானே சமாதானம் செய்து பார்க்கிறேன், ஆகவில்லை. தெரியாமல் செய்தது ஒன்று, தலைமையாசிரியர் அறையில் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றது ஒன்று. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

இதையும் சொல்லாமல் விழுங்கியிருப்பேன். நேற்று அவர் சட்டையை ஊறப்போடும்போது பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. மூன்று திங்கட்கிழமை மண்டிக்கு என்று சொல்லிவிட்டுப் போனவர் தருமபுரி கலெக்டர் ஆபீசில் மனுவோடு வரிசையில் நின்றிருக்கிறார். வாசலில் யாரிடமோ எழுதி வாங்கியது. படிப்பறிவு குறைந்த நான் எனது அறியாமையால் எனது மகளை ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டேன், எனது தவறுக்கு எனது மகளைத் தண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன் என்று இருக்கிறது, கீழே மதியழகன் என்று அவர் கையெழுத்து. விதியில் இடமில்லை என்று பதிலும் வந்துவிட்டதாம். எதுக்குங்க எம் பழிய நீங்க சுமக்கறீங்க என்று அழுதேன். அதற்கு அவர், எங்கிட்டத்தான் பேசமாட்டேங்கறா, நீதான்னு தெரிஞ்சு உங்கிட்டயும் பேச்ச நிறுத்திட்டா அப்பறம் நம்ம வூட்டுக்கு யாரு போன் பண்ணுவாங்க என்றார். சொல்லிவிட்டுச் சட்டையை அவரே துவைத்தார்.

ஆகையால் பரீட்சை விஷயத்தில் நான் எழுது என்று சொன்னதைக் கணக்கில் எடுக்காதே. அது அந்த டை கட்டிய ஆசையேதான், வேறு ஒன்றுமில்லை. நீ எத்தனை மார்க் வாங்கினாலும் அந்த ஆறாம் வகுப்பு மாறாது, அந்த ஏழரை கிடைக்காது, பொதுப் பட்டியலில்தான் முட்டிமோத வேண்டும், இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய். விட்டுவிட்டு வந்தால் வா, உன் மேசையை எடுக்கவில்லை, அப்படியே இருக்கிறது. வரவில்லையென்றால் அங்கேயே படி, அடுத்த கல்யாணத்தில் நர்சுக்குப் படிக்கிறாள் என்று நானே வாய் திறந்து சொல்கிறேன். விண்ணப்பத்துக்கு நாள் அதிகமில்லை, யாருக்காகவும் தள்ளிப்போடாதே. இரண்டில் எது செய்தாலும் வயிற்றைக் காயப்போடாதே, உனக்கு அல்சர் வந்த உடம்பு.

முனியப்பன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நூறு வயது நன்றாக இரு. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, வருகிற ஞாயிறு போன் செய்யும்போது அப்பாகிட்ட குடு என்று கேள், இது ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த மனுவின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன். அதில் நான் என்று வருகிற இடத்தை அடித்துவிட்டு மேலே என் பெயரை எழுதியிருக்கிறேன், அப்படியே படி.

இப்படிக்கு,
உன்னை ஆறாம் வகுப்பில் சேர்த்த அம்மா,
முனியம்மாள்