அவன்ர உயரம்

ரொறன்ரோ
12.10.2010

அன்பான வதனிக்கு,

நான் நல்ல சுகம். உம்மட முழங்கால் நோவுக்கு மருந்து எடுத்தீரோ? முகாமால வந்து இருக்கிற வீட்டில கூரை ஒழுகுதெண்டனீர், திருத்தியாச்சோ?

போன கிழமை இஞ்சை ஒரு புதினம். பயப்பிடாதையும், சிரிக்கத்தான் எழுதிறன். நான் வேலை செய்யிற காஸ் ஸ்ரேசனில, அதுதான் பெற்றோல் செட்டில, ரேடியோப் பாட்டை இடையில நிப்பாட்டி, ஐஞ்சு வயசுப் பிள்ளை ஒண்டை ஆரோ காரில கடத்திப்போட்டாங்கள் எண்டு அறிவிச்சினம். பிள்ளையின்ர உயரம், உடுப்பின்ர நிறம், காரின்ர நம்பர் எல்லாம் சொல்லிச்சினம். காஸ் அடிக்க வந்த சனமெல்லாம் பக்கத்துக் கார் நம்பரைப் பாக்குது. நான் மட்டும் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். அங்கை ஊரில ஆளைப் பிடிச்சு ஏத்திற வெள்ளை வானின்ர நம்பரைப் பாக்கக்கூடாதெண்டுதானே நாங்கள் பழகினது. பிறகு நானும் துவங்கி, ஒவ்வொரு காருக்குப் பின்னாலயும் குனிஞ்சு பாத்தன். "தம்பி, கார்த் திறப்பு கிறப்பு விழுந்திட்டுதோ?" எண்டு காஸ் அடிக்க வந்த எங்கட தமிழ் அங்கிள் ஒருத்தர் கேட்டார். பின்னேரமே பிள்ளையைக் கண்டுபிடிச்சிட்டினம்.

மிளகாய்த்தூள் அனுப்பவேண்டாம், இஞ்சை வாங்கலாம். ஒண்டு மட்டும் எழுதும், ரெலிபோனில கேக்க எனக்கு வாய் வரேல்லை. நான் ஊரால வெளிக்கிடேக்க எங்கட நிரோஜன் என்ர இடுப்பளவு. போன வருசம் உம்மட கையில இருந்து பறிச்சு வானில ஏத்தின அண்டைக்கு, அவன் உம்மட தோள் மட்டமோ, காது மட்டமோ? என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தவன்?

ஆரும் கேட்டால் தகப்பனுக்குச் சொல்லத் தெரியவேணும்.

வேலைக்குப் போற பஸ் வருது.

உம்மட
ஜெயம்