ஈரம் ஒரு இடம், ஓட்டை ஒரு இடம்

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்க சுகமா இருக்கணும். இங்க நாங்க நலம்னு எழுதப் போனேன், பக்கத்துல உக்காந்திருக்கிற உங்க அம்மா ஒரு முறை முறைச்சா, அதனால முக்கால் நலம்னு வெச்சுக்கோ. போன்ல பேசினா நான் கத்துவேன் நீ அழுவே, போன வாரம் அப்படித்தானே ஆச்சு, அதான் பேனாவை எடுத்துட்டேன்.

கடையை மூடிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, இனிமே குழாய் வேலையே வேண்டாம்ப்பான்னு நீ சொன்னே. நான் என்ன சொன்னேன், என் சாவுக்கு வந்தா போதும்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். அந்த வார்த்தை தப்பு, பெத்தவன் வாயில வரக்கூடாதது, மனசுல வெச்சுக்காதே கண்ணு. ஆனா கடையை மூடமாட்டேன், அதுல ஒரு மாத்தமும் கிடையாது. அப்படி ஏன் வெடிச்சேன்னு உண்மையைச் சொல்லிடறேன், உங்க அம்மாவுக்கே மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும்.

ஆபரேஷன் என்னவோ நல்லாத்தான் நடந்தது. நாலே நாலு சின்ன ஓட்டை, அது வழியா பித்தப்பையையும் கல்லையும் எடுத்துட்டாங்க. சுவரை உடைக்காம உள்ள இருக்கிற பைப்பை மாத்துற வேலை அது, டாக்டர் கையைப் பிடிச்சுக் குலுக்கணும்னு தோணுச்சு. அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வலி மாத்திரை கொடுத்து வேளா வேளைக்குப் போடுங்கன்னு சொன்னாங்க. நான்தான் பெரிய வீரனாச்சே, இத்தனை வருஷம் ஒரு தலைவலி மாத்திரை போட்டதில்லை, இதுக்கு மட்டும் அடிமையாகணுமான்னு எல்லாத்தையும் தலையணை உறைக்குள்ள போட்டு வெச்சேன். உங்க அம்மா கேட்டா போட்டாச்சுன்னு சொல்லிடுவேன். இருமல் வந்தா உயிர் போயிட்டு வரும். மூச்சை இழுத்து விடவே பயம். உங்க சித்தப்பா பார்க்க வந்து ஏதோ சொல்லிச் சிரிக்க வெச்சுட்டான், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், அவன் என்னவோ என் மேல இருக்கிற பாசத்துல அழறேன்னு நினைச்சுட்டுப் போனான்.

அதைக்கூடத் தாங்கிட்டேன். ரெண்டாம் நாள் வலது தோள்பட்டையில ஒரு வலி ஆரம்பிச்சது பாரு, உள்ளுக்குள்ள ஆணி வெச்சு அடிக்கிற மாதிரி. வயித்துல கத்தி வெச்சா தோள் எதுக்கு வலிக்கணும்? ரெஞ்ச் பிடிக்கிற கை அது. போச்சு, கை போச்சு, இனி நான் ஒண்ணுக்கும் ஆகமாட்டேன்னு ஒரே பயம். யார்கிட்டயும் சொல்லாம கதவைச் சாத்திக்கிட்டுத் தைலமா தேய்ச்சேன். சரியா அந்த நேரம்தான் நீ போன் பண்ணி இனிமே வேலை வேண்டாம்ப்பான்னே. புரியுதா, நான் திட்டினது உன்னையில்லை, என் தோளை.

அப்புறம் தலையணை உறையைத் துவைக்க எடுத்த உங்க அம்மா மாத்திரையெல்லாம் தரையில கொட்டினதைப் பார்த்துட்டா. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, அங்கதான் தோள்வலியையும் ஒப்புக்கிட்டேன். அங்க இருக்கிற நர்ஸம்மா உன் வயசுதான் இருக்கும், வாயும் உன் வாயேதான். முதல்ல மூச்சு முட்டுதா, நெஞ்சு அடைக்குதா, காய்ச்சல் இருக்கா, கண்ணு மஞ்சளாச்சான்னு எல்லாம் கேட்டு, டாக்டரையும் வரச்சொல்லிப் பார்க்க வெச்சா. அப்புறம் சொன்னா, ஆபரேஷன் பண்றப்போ வயித்துக்குள்ள காத்தடிச்சு ஊத வைப்பாங்களாம், அதுல கொஞ்சம் மிச்சம் நின்னு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசையை உறுத்துமாம், அந்த வலி தோள்ல போய்த் தெரியுமாம். கையில ஒரு கோளாறும் இல்லையாம்.

எனக்கு மானம் போச்சு. ஈரம் தெரியுற இடத்துல ஓட்டை இருக்காதுங்க, தள்ளித்தான் தேடணும்னு வீடு வீடாப் போய்ச் சொல்ற ஆளு நான். என் உடம்புன்னு வந்ததும் ஈரத்துமேலயே தைலம் தேய்ச்சிருக்கேன்! என் தொழில் தெரிஞ்சதும் அந்தப் பொண்ணு விட்டாளா, சமையலறை முழுக்கத் தண்ணி நிக்கிற வரைக்கும் வால்வை மூடாம இருப்பீங்களா சார், வலி ஏறுறதுக்கு முன்னாடியே மாத்திரை போட்டாத்தானே மூச்சு இழுக்க முடியும், நடக்க முடியும்னா.

இப்போ எழுதிக் கொடுத்த கணக்குல மாத்திரை போடறேன், ஒண்ணு கூடவுமில்லை குறையவுமில்லை. இருமல் வந்தா ஒரு தலையணையை வயித்தோட அணைச்சுக்கிறேன். முதல் நாள் வாசல் வரைக்கும் நடந்தேன், இன்னைக்குத் தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தேன். தோள்வலி ரெண்டே நாள்ல ஓடிப்போச்சு. வயித்துல மட்டும் குனிஞ்சா இன்னும் பிடிக்குது, அதையும் மறைக்காமச் சொல்லிட்டேன். ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னார், தூக்கமாட்டேன். கனத்தைச் சித்தப்பா தூக்குவான், நான் ஸ்டூல்ல உக்காந்து அவனைத் திட்டுவேன். டாக்டர் சொன்னது ஆறு வாரம், நீ சொல்றது ஆயுசுக்கும். டாக்டர் பேச்சைத்தான் கேட்பேன்.

இனிமே வலிக்குதாப்பான்னு நீ கேட்டா, வலிச்சா வலிக்குதுன்னுதான் சொல்வேன், இது சத்தியம். நீ உடனே அழக்கூடாது, கடையை மூடுன்னும் சொல்லக்கூடாது. சம்மதமா?

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ரொம்ப விரட்டாதே. ரெண்டு பேரும் ஒரு குறையுமில்லாம நூறு வருஷம் இருக்கணும். முக்கியமா ஒண்ணு, நீ வீடியோவுல பேசறப்போ பின்னாடி உன் சமையலறைக் குழாய் சொட்டுறதைப் பார்த்துட்டேன், கீழ ஒரு கிண்ணத்தை வேற வெச்சிருக்கே. கேட்டா ஒண்ணுமில்லப்பாங்கிறே, அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கே. வேற எவனையும் கூப்பிட்டுத் தொட விடாதே. ஆறு வாரம் முடிஞ்ச மறுநாள் ரெஞ்சோட நான் வர்றேன், தங்கறதுக்கு இல்லை, குழாயை மாத்தறதுக்கு. அதுவரைக்கும் கிண்ணம் நிறைய நிறைய எடுத்து ஊத்திக்கிட்டிரு.

இந்தக் கடிதம் முழுக்க வலது கையாலதான் எழுதினேன், எழுத்தைப் பார்த்துக்கோ.

இப்படிக்கு,
கடையை மூடாத உன் அப்பா